சாப்பாட்டு டப்பாவுக்கு ஏழு சட்டங்கள்

“பிளாஸ்டிக் பாக்கெட் எதுவும் கொண்டு வரக் கூடாதாம்ப்பா. மிஸ் சொன்னாங்க.”

மகள் இதைச் சொன்னபோது மாலை ஆறு மணி. லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்து கட்டிலில் இருந்தார்.

“எந்த பாக்கெட்?”

“எல்லா பாக்கெட்டும். பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பன் வர்ற பாக்கெட்.”

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரிந்த மொத்தச் சமையலும் அந்த மூன்று பாக்கெட்டுகளுக்குள்தான் இருந்தது. ஐந்து மாதமாக அதைத்தான் மாற்றி மாற்றி மகளின் பையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

“பன்னை மட்டும் பாக்கெட்லேருந்து எடுத்து வெறும் பன்னாக் குடுத்தா?”

மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். எட்டு வயதுக்கு அது நீண்ட யோசனைதான்.

“அதுவும் கூடாதாம். வீட்டுல செஞ்சதா இருக்கணுமாம்.”

“எப்பலேருந்து?”

“நாளைலேருந்து.”

வேறொரு அப்பாவாக இருந்தால், ‘உங்க மிஸ்ஸுக்கு வேற வேலை இல்லை, போ’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார். நம் ஆள் அப்படியில்லை. ‘எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது’ என்று லிஃப்டுக்குள் ஒரு பலகை இருக்குமே, அதை நீங்களும் நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒன்பதாவது ஆளாக நுழைந்துவிடுவோம். இருபது வருஷமாக அந்தப் பலகையைத் திருகாணி போட்டு மாட்டிவருபவர் இவர். இவர் உள்ளே இருக்கும்போது ஒன்பதாவதாக யார் ஏறினாலும், “சார், இறங்குங்க” என்பார். ஒருமுறை சொந்த முதலாளியையே இறக்கிவிட்டார்; அந்த மனிதர் ஏழு மாடி நடந்து போனார். சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடையாது.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெரியம்மா.

பெரியம்மா என்றால் மகளுக்குப் பெரியம்மா. மெக்கானிக்கின் மனைவிக்கு அக்கா. நாலு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார். தங்கை வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், ஒன்பதாம் நாள் இல்லை என்று ஆகிவிட்டபோது, ஓடி வந்து வீட்டை நிறுத்திப் பிடித்தவர் அவர்தான். ஊருக்குத் திரும்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “குழந்தைய எங்கிட்ட விட்டுடுங்க தம்பி. இது உங்களால ஆகற காரியமில்ல. நீங்க கேட்டதுக்காக விட்டுட்டுப் போறேன். ஸ்கூல்லேருந்து ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.”

கெட்ட மனுஷியாக இருந்தால் சண்டை போடலாம். பெரியம்மா தங்கமான மனுஷி. அதனால்தான் மெக்கானிக்குக்கு அவரை நினைத்தாலே பயம். மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் ஒரு ஃபிரிட்ஜும்தான் பாக்கி. அதற்குப் பிறகு காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனவே எழுந்தார். அடுப்படிக்குப் போனார்.

எவர்சில்வர் டப்பா கிடைத்தது, மூடி கிடைக்கவில்லை. மூடி கிடைத்தபோது அது வேறு டப்பாவுடையது. கடைசியில் தன் கருவிப் பையில் நட்டு போல்ட் போட்டு வைத்திருந்த தகர டப்பாவைக் கவிழ்த்து, சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தார். காலையில் உருளைக்கிழங்கை அவித்து, ரொட்டியோடு வைத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். பெரிய மலையைப் புரட்டிய களைப்பு.

சாயங்காலம் வாசலிலேயே கேட்டார்: “எப்படி இருந்துது?”

“லிஃப்ட் வாசனை வந்துதுப்பா.”

“லிஃப்டுக்கு என்னடி வாசனை?”

“உங்க சட்டை வாசனை.”

மெக்கானிக் சட்டையை முகர்ந்து பார்த்தார். மறுப்பதற்கில்லை.

“மிஸ் என்ன சொன்னாங்க?”

“டப்பா சரியாம். ஆனா பளபளன்னு சுத்தியிருந்தீங்களே, அது கூடாதாம். பேப்பரும் கூடாது. துணியில சுத்தணுமாம். பருத்தித் துணி.”

வீட்டில் இருந்த பருத்தித் துணியெல்லாம் மெக்கானிக்கின் கைக்குட்டைகள். அவற்றை உதறினால் கிரீஸ் கொட்டும்.

“அம்மா அலமாரியில இருக்கும்” என்றாள் மகள்.

அந்த அலமாரியை ஐந்து மாதமாக யாரும் திறக்கவில்லை. பெரியம்மா திறக்கப் போனபோதுகூட, “இருக்கட்டும் அக்கா, அப்புறம்” என்று தடுத்தவர் அவர்தான். இப்போது சட்டம் வந்துவிட்டது. என்ன செய்வது? போய்த் திறந்தார்.

திறந்ததும் அவளுடைய சோப்பு வாசனை அடித்தது. அவ்வளவுதான், மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்தவர்கள் போனவர்கள் முன்னால் அழவில்லை, இப்போது ஒரு டப்பாவைச் சுற்றும் துணிக்காக வந்து உட்கார்ந்து ஹோவென்று அழுதார். மகள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மடியில் வைத்தாள்.

“இது என் பிறந்த நாளுக்குப் போட்டுக்கிட்டாங்க.”

“ஆமா.”

“இது ஆபீஸுக்கு. இதுல இங்க் கொட்டினப்ப உங்களத் திட்டினாங்க.”

“நான் கொட்டல. பேனாவே ஒழுகுச்சு.”

“அவங்க அதை நம்பல.”

“கடைசி வரைக்கும் நம்பல” என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு, அழுகைக்கு நடுவிலேயே சிரித்துத் தொலைத்தார்.

இங்க் கொட்டிய, நீலக் கோடு போட்ட சட்டையை நாலு சதுரமாக வெட்டினார்கள். ஓரம் அடிக்க வேண்டுமே? அவருக்குத் தெரிந்த ஒரே தையல் லிஃப்டுக் கம்பிவடத்தை முறுக்கிக் கட்டுவது. அதே முறையில் ஓரம் அடித்து, காலையில் டப்பாவைச் சுற்றி, அதே முறையில் முடிச்சும் போட்டார். பதினாலு பேரைத் தாங்கும் முடிச்சு. பள்ளியில் அதை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்து ஆயாம்மா பல்லால் கடித்துப் பார்த்து, பிறகு காவலாளியிடம் குறடு வாங்கி வந்து அவிழ்த்தாராம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

“அப்ப நீ சாப்பிடவே இல்லியா?”

“வகுப்புல டெஸ்க்குக்கு அடியில வெச்சு சாப்பிட்டேன். மிஸ் பாத்துட்டாங்க.”

போச்சுடா! மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“திட்டினாங்களா? பெரியம்மாக்கு எதாவது எழுதுவாங்களாமா?”

“திட்டல. அஞ்சு கலர் இருக்கணும்னு மட்டும் சொன்னாங்க.”

“அஞ்சு கலரா?”

“சத்துக்காகப்பா. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை...” மகள் அண்ணாந்து பார்த்தாள். “நீலம்.”

மறுநாள் காலை ஆறரைக்குக் காய்கறிக் கடைக்காரம்மாவிடம் மெக்கானிக் நின்றார். தக்காளி, சோளம், வெள்ளரி, முள்ளங்கி எல்லாம் கூடையில் ஏறிவிட்டன.

“நீலக் கலர்ல ஒரு காய் குடுங்க.”

“நீலத்துலயா? இருபத்தஞ்சு வருஷமா விக்கறேன் சார், நீலத்துல எதுவும் வந்ததில்ல. வந்தா நான் வாங்கவும் மாட்டேன்.”

“ஸ்கூல்ல கேக்கறாங்க.”

“ஸ்கூல்ல எதத்தான் கேக்கல!” என்றார் கடைக்காரம்மா. பிறகு இவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். “ஊதா முட்டைக்கோஸ் எடுத்துட்டுப் போங்க. வேக வெக்கறப்ப சோடா மாவு ஒரு சிட்டிகை போட்டீங்கன்னா நீலமாயிடும்.”

நல்ல யோசனைதான். மெக்கானிக்குக்குச் சிட்டிகை என்றால் எவ்வளவு என்று தெரியாது என்பதுதான் கோளாறு. இரண்டு கரண்டி போட்டார். முட்டைக்கோஸ் நீலமானது. அதைத் தொட்ட சோறு நீலமானது. சோற்றைத் தொட்ட கரண்டி, மெக்கானிக்கின் விரல்கள், துடைத்த துண்டு எல்லாம் நீலமாயின. சாயங்காலம் மகள் படியேறி வந்தபோது அவள் பல்லும் நாக்கும் உதடும் நீலம்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுப் பல் டாக்டர் எதிரே வந்து தொலைத்தார். ஓய்வு பெற்றவர். நோயாளிகள் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தவர். குழந்தையின் தாடையைப் பிடித்து, “ஆ காட்டு” என்று படியிலேயே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“நாப்பது வருஷ சர்வீஸ்ல இந்தக் கலர் நான் பாத்ததில்லை. என்னம்மா தின்னே?”

“முட்டைக்கோஸ்.”

“யார் சமைச்சது?”

“எங்கப்பா.”

டாக்டர் மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மேலே குடியிருக்கும் மனிதரோடு அவர் பேசியதே கிடையாது. அன்று ஏறி வந்து பேசினார், ஒரு மணி நேரம் பேசினார். சோடா மாவு, பற்சிதைவு, அவருடைய மருமகள் என்று பல விஷயங்கள். போகும்போது முட்டைக்கோஸ் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், ஆராய்ச்சிக்காம்.

இதற்குள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறியிருந்தது. வேலையிடத்தில் பராமரிப்புப் பட்டியல் எழுதுகிற மாதிரி, வரிசை எண் போட்டு, கட்டம் கட்டி, ‘பள்ளிச் சாப்பாட்டுச் சட்டங்கள்’ என்று மெக்கானிக்கே எழுதி ஒட்டியது. ஒரு வாரத்துக்குள் ஒரே பண்டம் இரண்டு தடவை வரக் கூடாது என்பது நாலாவது. சாயங்காலத் தீனியும் கையால் செய்ததாக இருக்க வேண்டும், செய்யும்போது குழந்தையும் கூட இருக்க வேண்டும் என்பது ஐந்தாவது. அந்த ஐந்தாவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பாவும் மகளும் ஓட்ஸும் வெல்லமும் பிசைந்து உருண்டை பிடித்தார்கள். மெக்கானிக் அளவுமானி வைத்து ஒவ்வொரு உருண்டையும் முப்பது மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தார். முப்பத்திரண்டு இருந்தவற்றை மகள் தின்று தீர்த்தாள்.

இப்படிப் பிசைந்துகொண்டிருக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு எண்ணம் வந்து குத்தும். மனைவி இதையெல்லாம் காலையில் பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, தானும் வேலைக்கு ஓடுவாள். மூன்று டப்பா. அதில் ஒன்று இவருடையது. பன்னிரண்டு வருஷம் அந்த டப்பாவைத் திறந்து தின்றிருக்கிறார். உள்ளே என்ன இருந்தது என்று ஒரு நாளாவது பார்த்துத் தின்றாரா? மெஷின் ரூமில் நின்றுகொண்டு, மீட்டரைப் பார்த்தபடி அள்ளிப் போட்டுக்கொண்டதுதான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஆறாவது சட்டம் வந்தது.

“காய்த்தோலைக் குப்பையில போடக் கூடாதாம்ப்பா. வீட்டுலயே உரமாக்கணுமாம்.”

“தோலக்கூடவா அந்த மிஸ் விடல!”

பால்கனியில் ஒரு வாளி வைத்தார். தோலைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், மூடினார். உரம் என்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் வாளியின் அடியிலிருந்த விரிசல் வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. கீழே பல் டாக்டர் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வழக்கமுள்ளவர்.

மேலே வந்தவரின் வழுக்கைத் தலையில் இரண்டு முட்டைக்கோஸ் இழை இருந்தது.

“என்ன சார் இது! எலி கிலி செத்துக் கிடக்கா மேல?”

“உரம் டாக்டர்.”

“உரமா? நீங்க எத்தன ஏக்கர் வெச்சிருக்கீங்க?”

நாளைக்குள் வாளியை எடுக்காவிட்டால் குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுப்பேன் என்றார். சங்கத்துக்குப் போனால் ஊருக்கே தெரியும்; தெரிந்தால் எப்படியும் பெரியம்மா காதுக்குப் போய்விடும். மெக்கானிக் மறுநாள் காலை வாளியைத் துணி போட்டுக் கட்டி (பதினாலு பேர் முடிச்சுத்தான்) வேலைக்கே எடுத்துப் போய்விட்டார்.

பதினாலு மாடி அலுவலகக் கட்டிடம். உச்சியில் லிஃப்டின் மெஷின் ரூம். அவரைத் தவிர யாரும் போகாத இடம். மோட்டார் ஓடுவதால் எப்போதும் கதகதவென்று இருக்கும். வாளியை மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கீழே வந்தார். இருபது வருஷ அனுபவஸ்தர், ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். லிஃப்ட் ஏறி இறங்குவது சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரிதான். மேலே இருக்கிற காற்றை ஒவ்வொரு மாடிக்கும் பிடித்துத் தள்ளும்.

பதினோரு மணிக்கு நாற்றம் பன்னிரண்டாம் மாடியில் இறங்கியது. ஒரு மணிக்கு ஒன்பதாம் மாடி. ஏழாம் மாடியில் முக்கியமான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பதினைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் மாடி மேனேஜர் நேர்மையானவர். தனக்குப் பக்கத்துச் சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “உடம்பு சரியில்லேன்னா வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆள் தன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே போனார்.

நாலு மணிக்குச் சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு மெஷின் ரூமுக்கு வந்து வாளியைக் கண்டுபிடித்தார்.

“என்னய்யா இது?”

“உரம் சார்.”

“யாருக்கு?”

“மிஸ்ஸுக்கு.”

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக் சட்டம் ஒன்றிலிருந்து ஆறு வரை மூச்சுவிடாமல் விளக்கினார். நீலக் கலரை விளக்கும்போது கை நீட்டி விரலைக் காட்டினார். அது இன்னும் நீலமாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் மெல்ல ஓரடி பின்வாங்கினார்.

“அஞ்சு மாசமா வாயத் திறக்காம இருந்த ஆளு. இப்ப என்னடான்னா... சரி, நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு லீவு எடுத்துக்க. நான் பாத்துக்கறேன்.”

சூப்பர்வைசரும் நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் தொல்லை. மெக்கானிக் போனதும் அவர் அலுவலகப் பதிவேட்டைத் திறந்து, ‘அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்’ என்ற இடத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். “அம்மா, பதட்டப்படாதீங்க. உங்க வீட்டு ஆள் ஒருத்தர் இங்க மெஷின் ரூம்ல காய்த்தோல் வளக்கறார்.”

அந்த நம்பர் பெரியம்மாவுடையது.

அன்று சாயங்காலம் வாளியோடு வீடு திரும்பிய மெக்கானிக்கின் முகத்தை மகள் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

“அப்பா, இன்னிக்கு ஒரு புதுச் சட்டம்...”

“உங்க மிஸ்ஸுக்குப் புருஷன் புள்ள இல்லியா? வீடு வாசல் இல்லியா?” மெக்கானிக் வாளியைத் தொப்பென்று வைத்தார். “வேலைக்குப் போறவன் என்னதான் பண்ணுவான்? நான் என்ன மனுஷனா மெஷினா?”

மகளின் உதடு பிதுங்கியது. “வேணாம்னா விட்டுடலாம்ப்பா.”

அதைக் கேட்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “இல்ல, சொல்லு. ஒண்ண விட்டா எல்லாத்தையும் விட்ட மாதிரிதான். சொல்லு.”

“டப்பால என்ன வெக்கறீங்களோ, அதையே வீட்டுல இருக்கறவங்களும் சாப்பிடணுமாம். குழந்தையோட உக்காந்து. ரெண்டு தடவை போட்டுக்கணுமாம்.”

“எனக்குமா சட்டம்?”

“அப்பாக்களுக்கும்தானாம்.”

அவர் ஏழாவது வரியை எழுதினார். அன்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து கலரையும் சாப்பிட்டார்கள். மெக்கானிக் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். மகள் தட்டைப் பார்க்காமல் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“உப்பு கம்மி” என்றாள் மகள்.

மறுநாள் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு மெக்கானிக் திரும்பும்போது வாசலில் பெரியம்மா நின்றார், கையில் பெரிய காலிப் பையோடு.

நேராக உள்ளே போனார். பால்கனி வாளியைத் திறந்து பார்த்து மூடினார். மெக்கானிக்கின் விரல்களில் நாலு பிளாஸ்திரி எண்ணினார். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ஏழு சட்டத்தையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

“அக்கா, ஒரு வாரம் குடுங்க” என்றார் மெக்கானிக். “ஆறு சட்டம் நல்லாவே வந்துடுச்சு. உரம் மட்டும்தான் படிய மாட்டேங்குது. அதையும் கத்துக்கறேன். உப்பு கொஞ்சம் கம்மியாம், அதையும் சரி பண்ணிடறேன். ஸ்கூல்லேருந்து இன்னும் கம்ப்ளெய்ன்ட் எதுவும் வரல.”

“உங்களப் பாத்தா எனக்கு அழுகையா வருது தம்பி” என்றார் பெரியம்மா. நிஜமாகவே அழுதார். “உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. பொண்டாட்டியத் தொலைச்சுட்டு நிக்கறவரை இப்படிப் போட்டுப் பாடாப் படுத்தறாங்களே, அந்த ஸ்கூலச் சொல்லணும். ஏழு சட்டம்! கிளம்புங்க. அவங்கள நாலு வார்த்தை கேட்டுட்டு, அப்படியே குழந்தையக் கூட்டிட்டு நான் மத்தியான ரயிலப் பிடிக்கறேன்.”

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ கனம் தூக்கியிருக்கிறார். அந்தப் பைக்குள் இருந்தது எட்டு வயசுக் குழந்தையின் துணிதான். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாலு தடவை கை மாற்றினார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மணி பதினொன்று; பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஆயாம்மா இடுப்பில் குறடு செருகியபடி நின்றிருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“முடிச்சுப் போடற அப்பாதானே? பாத்தாலே தெரியுது. விரல் நீலமா இருக்கே.”

பெரியம்மா விடவில்லை. “நீங்க யாரு, ஆயாவா? உங்க மிஸ்ஸக் கூப்பிடுங்க. இதென்ன அநியாயம்! வேலைக்குப் போற வீட்டுல காலங்காத்தால அஞ்சு கலருக்கு எங்க போவாங்க? தோலைக்கூடக் கணக்குக் கேப்பீங்களா? அப்பன்காரன் ராத்திரிக்கு ரெண்டு தடவை போட்டுக்கணும்னு சொல்றதுக்கு இவங்க யாரு?”

ஆயாம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

மெக்கானிக் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கண் கூடத்துக்குள் இருந்தது. நீளமான மேஜைகளில் நூறு குழந்தைகள். கடைசி மேஜையில் அவருடைய மகள் நீலக் கோடு போட்ட துணியை விரித்து உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் ஒரு பருக்கை இல்லை. ஆள்காட்டி விரலால் மூலையெல்லாம் வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மற்ற மேஜைகளைப் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய் ஆயாம்மாவின் காதருகே குனிந்தார்.

“ஆயாம்மா, அந்த ரெண்டாவது வரிசைப் பையன் பிஸ்கட் பாக்கெட் வெச்சிருக்கான். அந்தப் பொண்ணு கையில சிப்ஸ். அங்க பாருங்க, அலுமினியப் பேப்பர். மிஸ் வர்றதுக்குள்ள ஒளிச்சு வெக்கச் சொல்லுங்க, பாவம், அவங்க வீட்டுலயும் என்ன கஷ்டமோ.”

ஆயாம்மா தாளை நாலாக மடித்து மெக்கானிக்கின் சட்டைப் பையில் வைத்தார்.

“மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார், இந்த ஸ்கூல்ல சாப்பாட்டுக்குச் சட்டமே கிடையாது, உங்க பொண்ணுதான் தினமும் டப்பாவ வழிச்சு முடிச்சதும் எங்கிட்ட வந்து நிக்கும், ‘நாளைக்கு எங்கப்பாவுக்கு என்ன சட்டம் போடலாம், சொல்லுங்க ஆயாம்மா, சட்டம் இல்லேன்னா அவர் வேலைக்குப் போயிட்டு வந்து ஷூவக்கூடக் கழட்டாம சுவத்தப் பாத்துப் படுத்துக்கறார்’னு.”